அண்ணனின் கார்புரேட்டர்

செம்பட்டிக்கு மேற்கே எங்களுக்கு இருந்தது ஒரே கிணறு. அப்பா செத்த பிறகு நிலத்தைப் பிரித்தோம். கிணற்றை எப்படிப் பிரிப்பது? ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் என் முறை. பொழுது சாய்ந்தால் முறை மாறிவிடும். தன் முறையில் இறைக்காமல் விட்டால் அந்தத் தண்ணீர் போனதுதான். கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது.

நான் மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பழைய இன்ஜினை வாங்கி வந்தான். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். தடதடவென்று அது தண்ணீரைத் தள்ளியபோது அண்ணன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, வாய்க்காலில் நின்று சிரித்தாள்.

அந்த இன்ஜினுக்கு ஒரே சீக்கு, எண்ணெயைக் காற்றோடு கலந்து உள்ளே விடுகிற கார்புரேட்டர். நான் கல்யாணத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு லாரி ஷெட்டில் கிடந்தவன் என்பதால் அந்தக் கருமம் என் தலையில் விழுந்தது. இருமி இருமி நின்றுபோகும். பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பார்ப்பேன். பொறி வந்தால் குறை எண்ணெய்ப் பக்கம். காற்றை அடைக்கிற சோக்கை மூடினால் செத்த நேரம் ஓடும், திறந்தால் நிற்கும். அப்படியென்றால் ஜெட் அடைத்திருக்கிறது. எண்ணெய் போகிற சின்னப் பித்தளைத் துண்டுதான் ஜெட். நடுவில் மயிர் நுழைகிற ஓட்டை. அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதி, வானத்துக்கு நேரே பிடித்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் மாட்டுவேன். இன்ஜின் ஓடும்.

"கடைச் சீமெண்ணெயில அம்புட்டும் துரு. வடிகட்டி ஊத்துங்க மதினி" என்றேன். அன்றிலிருந்து மதினி புனலில் துணி கட்டித்தான் ஊற்றினாள். அதன் பிறகு இன்ஜின் முன்னைவிட மோசமாக நின்றது. எனக்கே புரியவில்லை.

ஒரு கோடையில் மழை அடியோடு ஏமாற்றியது. அண்ணன் வெங்காயம் போட்டிருந்தான். அவன் முறையன்று இன்ஜின் நிற்கும். நான் போய் ஊதிக் கொடுப்பேன். கொஞ்சம் ஓடி மறுபடி நிற்கும். பொழுது சாயும். கிணற்றில் ஊறி நின்ற தண்ணீர் மறுநாள் என் கத்தரிக்குப் போகும். வரப்புக்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் சருகு. பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

அண்ணன் அதைத்தான் நினைத்தான். ஊர்க்காரர்கள் நிற்கும்போதே கேட்டான்.

"ஏலே, நீ கை வைக்க வைக்கத்தான் அது நிக்கிது. என் வெங்காயத்தக் கொல்ல எதையோ உள்ள போடுற. இல்லேன்னா கோயில்ல வந்து சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணு!"

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "கூடப் பொறந்தவன நம்பாத நீ சூடத்த நம்பப் போறியாக்கும்? நான் எதுக்குண்ணே அணைக்கணும்? போ, உன் இன்ஜினை நீயே கட்டிக்கிட்டு அழு!"

அத்தோடு பேச்சு முறிந்தது. சூடம் அணைக்க மறுத்ததால் செய்தவன் நான்தான் என்று அண்ணன் முடிவு கட்டினான். வெங்காயம் போயிற்று. தன் வாசற்படியை நான் மிதிக்கக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தான். மதினி மட்டும் அவனுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கொடுத்தனுப்புவாள்.

அறுபதுகளில் கரண்டு வந்தது. அண்ணன் மோட்டார் வைத்தான். இன்ஜினை விலைக்குக் கேட்டுத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பாய் வந்தார். அண்ணன் சந்தைக்குப் போயிருந்த நேரம். "தம்பி, உங்களுக்கு இந்த வேலை தெரியுமாமே. ஓடுமான்னு செத்தப் பாத்துச் சொல்லுங்க" என்று பாய் என்னைக் கூப்பிட்டார். அத்தனை வருஷம் கழித்து அந்தக் கார்புரேட்டரைத் திறந்தேன்.

அதன் எண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் பிசின் மாதிரி காய்ந்த எண்ணெய். அதில் பொடிப் பொடியாக நூல். ஜெட் ஓட்டையிலும் ஒரு நூல் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் புனல், அதன் வாயில் மதினி கட்டிய துணி அப்படியே இருந்தது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி, சின்னாளப்பட்டிச் சுங்குடி. புள்ளி விழுவதற்காகத் துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சைப் பிரித்த பிறகும் அறுந்த துணுக்குகள் புதுத்துணியில் ஒட்டிக்கொண்டிருக்கும். நாலு தடவை வெளுத்தால்தான் முழுக்க உதிரும். இங்கே சீமெண்ணெய் ஊற்ற ஊற்ற உதிர்ந்து உள்ளே இறங்கியிருக்கிறது. பழந்துணி ஆகாது என்று, கட்டாத புதுச் சேலையில் கிழித்துக் கட்டியிருக்கிறாள் புண்ணியவதி!

அண்ணன் வரட்டும், மூஞ்சியில் வீசுகிறேன் என்றுதான் அந்தத் துணியை அவிழ்த்தேன். பிறகு மதினி ஞாபகம் வந்தது. குழம்பில் உப்புக் கூடியதற்கு வட்டிலை அவள் நெற்றியில் எறிந்தவன் என் அண்ணன். தழும்பு இன்னும் இருந்தது. இது தெரிந்தால் வெங்காயமும் தம்பியும் போனதற்கு அவளை என்ன செய்வான்? நூலை ஊதிவிட்டேன். துணியைக் கல்லில் சுற்றிக் கிணற்றில் போட்டேன். "ஓடும் பாய், கொண்டுபோங்க" என்றேன்.

அண்ணன் செத்தபோது நான் தெருவில்தான் நின்றேன். கருமாதி முடிந்த பிறகு மதினி கிணற்றடிக்கு வந்தாள்.

"கொழுந்தனாரே, ஒண்ணு கேக்கணும். கடைசியில அவுக படுக்கையில கெடந்தப்ப, 'எந்தம்பி அப்பிடிச் செஞ்சிருப்பானாடீ, செஞ்சிருப்பானா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. எனக்குப் பதில் தெரியல. பாய் வந்தன்னைக்குத் தெறந்து பாத்தீகளே, உள்ள என்னதான் இருந்துச்சு?"

என் அண்ணன் கேட்டிருக்கிறான். சாகும்வரை அந்தச் சந்தேகம் அவனுக்கும் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பான். ஐயோ, அண்ணே!

மதினி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் அந்தத் தழும்பு தெரிந்தது.

"தூசி மதினி. வெறும் தூசிதான்."

"நான் வடிகட்டித்தானே ஊத்துனேன்?"

"ஆமா மதினி. நீங்க நல்லாத்தான் வடிகட்டுனீங்க."