டோர்செட் பார்க்கில் ஒரு சுமோப் போட்டியும் அறுபத்து மூன்று எண்களும்

அந்தச் சனிக்கிழமை நடந்தவை, நான் குறித்து வைத்தபடி:

1. காலை 6.35. மிசிசாகாவிலிருந்து புறப்பட்டேன்.
2. 8.20. டோர்செட் பார்க் வந்து சேர்ந்தேன். இருபத்தொரு வீரர்களுக்கு எடை பார்த்தேன்.
3. 11.22. தயாபரனின் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. நான் எடுத்தேன். பதினொரு நொடி.
4. 11.23. தயாபரன் இறுதிச் சுற்றில் வென்றார்.
5. 12.30. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து தங்கள் பிழையைச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.
6. 1.15 முதல் 3 மணி வரை அறுபத்து மூன்று எண்களுக்குப் பேசினோம்.

மூன்றாவது இல்லையென்றால் இது கனடாவில் ஒரு விடுமுறை நாளைக் கழித்த கதையாகவே இருந்திருக்கும்.

நான் கோவையிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. மிசிசாகாவில் எடைக்கருவிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் அளவுச் சோதனை என் வேலை. தயாபரன் அங்கே கருவிகளைப் பொருத்தும் பிரிவில் இருக்கிறார். இருபத்தொன்பது வயது, போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது நூற்று முப்பத்தெட்டு கிலோ. வாரத்தில் மூன்று நாள் ஒரு சுமோக் குழுவில் பயிற்சி செய்கிறார். வீட்டுத் தராசுகள் நூற்றைம்பது கிலோவோடு நின்றுவிடும் என்பதால், குழுவின் ஆண்டுப் போட்டிக்கு எங்கள் மேடைத் தராசைக் கேட்டார். நிறுவனம் சம்மதித்தது. தராசு போகும் இடத்துக்கு நானும் போக வேண்டும் என்பது விதி. மேடையை அவர் முதல் நாளே வேனில் கொண்டுபோய்விட்டார். எண் காட்டும் திரை மட்டும் பெட்டியில் என்னோடு வந்தது.

மிசிசாகாவிலிருந்து டோர்செட் பார்க் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். கார் இருந்தால் ஒரே நெடுஞ்சாலை. என்னிடம் கார் இல்லை. பேருந்தில் இஸ்லிங்டன் நிலையம். அங்கே டொராண்டோ சுரங்க ரயிலுக்குத் தனியாக இரண்டு டாலர் எழுபத்தைந்து சென்ட். நகரத்தின் மேற்கிலிருந்து கிழக்காக ஐம்பது நிமிடம் போனால் கென்னடி நிலையம். பிறகு 43ஆம் எண் பேருந்து.

7.25 மணிக்கு லான்ஸ்டவுன் நிலையத்தில் ஓர் அம்மாள் ஏறினார். குளிர்மேலங்கி, கறுப்புக் கொடி சுற்றிய ஒரு தடி. இலங்கையில் போர் முடிந்துகொண்டிருந்த வாரம் அது. வன்னிக் கரையோரம் ஒரு துண்டு நிலத்தில் மக்கள் அடைபட்டிருந்தார்கள். டொராண்டோத் தமிழர்கள் நாள் முழுக்கச் சாலையில் நின்றார்கள். அந்த அம்மாள் என் பெட்டியைப் பார்த்தார்.

"உந்தப் பெட்டிக்குள்ள என்ன, பிள்ளை?"

"தராசுங்க, ஆன்ட்டி."

"இந்தியாவோ? வாயைத் திறந்த உடன தெரிஞ்சிட்டுது. தராசோட எங்க போறீர்?"

சுமோப் போட்டிக்கு என்றேன். அவர் தடியை மற்றக் கைக்கு மாற்றினார்.

"ஊர் எரியேக்க குண்டன்மார் கட்டிப்பிடிக்கிறதைப் பாக்கப் போறீரோ?"

"அதுல ஒருத்தர் உங்க ஊர்க்காரர்தாங்க. அவரோட அக்கா உள்ளே மாட்டியிருக்காங்க."

அவர் கொடியைத் தடியில் இன்னும் இறுக்கிச் சுற்றினார். செயின்ட் ஜார்ஜில் இறங்கும்போது, "அப்ப அவனை வடிவா நிறுத்துப் பாரும். மூண்டு மாசத்தில அந்தப் பொடியன் எத்தினை கிலோ குறைஞ்சிருப்பான் எண்டு ஆருக்குத் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது சரி. எடை பார்த்தபோது தயாபரன் நூற்று இருபத்தொன்பது கிலோதான் இருந்தார்.

மண்டபம் கென்னடி சாலையில், அடுக்குமாடிகளுக்கு நடுவே இருந்தது. நாலரை மீட்டருக்குச் சற்றே அதிகமான குறுக்களவில் ஒரு வட்டம். கயிறு தைத்த பாய். வட்டத்துக்கு வெளியே கால் பட்டாலும், பாதம் தவிர வேறெந்த உறுப்பு பாயைத் தொட்டாலும் தோல்வி. பெரும்பாலான ஆட்டங்கள் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். குழுத் தலைவி மரிக்கோ என்பவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், அன்று நடுவரும் அவரே. அவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் விதி இது: வென்றவர் முகத்தில் எதுவும் காட்டக் கூடாது. கை உயர்த்தக் கூடாது, சிரிக்கக் கூடாது. தோற்றவர் இன்னும் எதிரில் நிற்கிறார் அல்லவா.

இடுப்புக் கச்சையில் கைபேசி வைக்க இடமில்லை. நேரம் குறிக்கும் மேசையில் நான் உட்கார்ந்ததும் தயாபரன் தன் கைபேசியைக் கொண்டுவந்தார்.

அவருடைய அக்கா வசந்தி, இரண்டு குழந்தைகளோடு வன்னியில் இருந்தார். கடைசியாகப் பேசியது பிப்ரவரியில். அவரிடம் இருந்தது தம்பியின் இந்த ஒரு எண்தான். வவுனியா முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள், கிடைத்த கைபேசியை இரவல் வாங்கிச் சொந்தக்காரர்களுக்குப் பேசத் தொடங்கியிருந்தார்கள். திரும்பக் கூப்பிட வழியில்லை. எண் திரையில் விழாது.

பக்கத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பவல், தான் வைத்திருப்பதாகக் கை நீட்டினார். போலந்தில் பிறந்தவர், லாரி ஓட்டுநர், நூற்று அறுபத்திரண்டு கிலோ.

"இல்லை, அவனிட்ட வேண்டாம். தமிழ் ஆள் வேணும்" என்று என்னிடம் தந்தார் தயாபரன். "எப்ப அடிச்சாலும் என்னைக் கூப்பிடுங்கோ. நான் வட்டத்துக்குள்ள நிண்டாலும் கூப்பிடுங்கோ."

"சரிங்க."

"ஆட்டத்தைக் குழப்பினால் மரிக்கோ ஏசுவா எண்டு யோசிக்க வேண்டாம்."

"யோசிக்க மாட்டேன், தயா."

மணி 11.22. இறுதிச் சுற்று. தயாபரனும் மொன்ரியலிலிருந்து வந்த ஒரு மாணவரும் எதிரெதிரே குந்தி, ஒரு கையைப் பாயில் ஊன்றிவிட்டார்கள். இரண்டாவது கையும் ஊன்றியதும் பாய்வார்கள். கைபேசி என் மடியில் அதிர்ந்தது. திரையில் எண் இல்லை. எடுத்தேன்.

"ஹலோ, சொல்லுங்க. யாருங்க பேசறது?"

மறுமுனையில் ஒரு பெண். "ஆர்... ஆர் கதைக்கிறது?"

"நீங்க யாருங்க? யாரு வேணும்?"

ஒரு மூச்சு. "பிழையான நம்பர் போல" என்றது அந்தக் குரல். துண்டித்துவிட்டது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் புரிந்தது. யாழ்ப்பாணத் தமிழ் பேசும் தம்பியைத் தேடிய ஒருவருக்குக் கோயம்புத்தூர்த் தமிழில் பதில் கிடைத்திருக்கிறது. அந்த அம்மாள் ரயிலில் ஒரே வார்த்தையில் கண்டுகொண்டதை இவரும் கண்டுகொண்டார். "இது தயாவோட ஃபோன்தாங்க" என்று சொல்லியிருந்தால் போதும். என் வாயில் அது வரவில்லை.

தலை நிமிர்ந்தபோது தயாபரன் மாணவரை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டிருந்தார். முகத்தில் எதுவும் இல்லை. குனிந்து வணங்கிவிட்டு முதலில் என் மேசையைப் பார்த்தார். நான் தலையை இப்படியும் அப்படியும் இல்லாமல் அசைத்தேன். அவர் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டார்.

அதைத் திருத்தாமல் விட்டது என் இரண்டாவது பிழை. மறுபடி அடிக்கும், அப்போது கையில் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மதிப்பெண் தாளின் பின்பக்கத்தில், அழைப்பில் கேட்டதில் நினைவிருந்ததையெல்லாம் எழுதினேன். பரிசளிப்பு, படம் எடுத்தல், பாய் துடைத்தல். மணி பன்னிரண்டரை ஆனது. அடிக்கவில்லை.

போட்டி முடிந்ததும் அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெரிய பானையில் கோழியும் முட்டைக்கோசும் கொதிக்கும். சாப்பிடும் முன் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அன்று தான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம்தான். வெற்றியைப் பற்றிப் பேசக் கூடாது, சாக்குச் சொல்லக் கூடாது, கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் பதில் பேசக் கூடாது. மேசையில் இருந்தவர்களும் சொல்ல வேண்டும் என்றார் மரிக்கோ.

மொன்ரியல் மாணவர், "அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து காலைப் பார்த்தேன்" என்றார். பவல், "கச்சையைப் பிடித்த பிறகு இந்தப் பானையை நினைத்துவிட்டேன்" என்றார். சிரிப்பைச் சிலர் அடக்கிக்கொண்டார்கள். என் முறை வந்தது. ஆங்கிலத்தில், ஒரே வாக்கியமாக, எண்ணி எண்ணிச் சொன்னேன்: "11.22க்கு தயாவின் கைபேசிக்கு ஒரு தமிழ்ப் பெண்ணின் அழைப்பு வந்தது, என் பேச்சைக் கேட்டுத் தவறான எண் என்று வைத்துவிட்டார், அதை அறுபத்தெட்டு நிமிடங்களுக்கு மேலாக நான் மறைத்தேன்."

தயாபரன் எனக்கு நேர் எதிரில் இருந்தார். எங்களுக்கிடையே இன்னும் நான்கு பேர் பேச வேண்டியிருந்தது. நால்வரும் பேசினார்கள். என்ன சொன்னார்கள் என்று ஒன்றுமே நினைவில்லை. தயாபரனின் இரண்டு கைகளும் முழங்காலில் இருந்தன, விரல்கள் வெளுத்திருந்தன.

அவர் தமிழில் பேசினார். மரிக்கோ தடுக்கவில்லை.

"தமிழ் தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்தால் காணும் எண்டு நினைச்சது என்ர பிழை."

பிறகு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தாளை நீட்டினேன். இரண்டு முறை வாசித்தார்.

"பின்னால 'மோட்டார் சத்தம், சீராக' எண்டு எழுதியிருக்கிறீங்கள். வாகனமோ?"

"இல்லீங்க. வேகம் மாறவே இல்லை. ஜெனரேட்டர்."

"அப்ப காம்ப். சண்டைக்குள்ள நிண்டு கதைக்கேல்லை." தாளை மடித்தார், திரும்ப விரித்தார். "அக்காவெண்டால், அவவிட்ட நம்பர் எழுதின துண்டு இருக்காது. எல்லாம் போயிருக்கும். மனப்பாடம்தான். தான் நம்பரைப் பிழையா நினைவு வைச்சிருக்கிறன் எண்டு இப்ப நினைப்பா. இனி இந்த நம்பருக்கு அடிக்க மாட்டா, நித்யா. வேற நம்பருக்கு அடிப்பா."

பேனாவை எடுத்தேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். "எத்தனை இலக்கத்தை மாத்துவாங்க?"

"ஒண்டுதான். ஒரு நேரத்தில ஒண்டு. அவ கணக்கு ரீச்சர்."

ஊருக்கான மூன்று இலக்க முன்னெண்ணை விட்டால் ஏழு இலக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது மாற்று. அறுபத்து மூன்று. புதிய தாள் எடுத்து ஏழு வரிசையாக எழுதினேன். மரிக்கோ எட்டிப்பார்த்தார். விஷயம் புரிந்ததும் பானையின் கீழ் நெருப்பை அணைத்துவிட்டார். ஏழு பேர், ஆளுக்கு ஒரு வரிசை, காலையில் தவறான அழைப்பு ஏதும் வந்ததா என்று கேட்க. தயாபரன் மட்டும் யாருக்கும் பேசக் கூடாது. அவர் எண் ஓய்வாக இருக்க வேண்டும்.

1.15க்குத் தொடங்கினோம். நெற்றியில் பாயின் தடம் மாறாத பெரிய மனிதர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சில எண்கள் பயன்பாட்டில் இல்லை. சிலர் எடுக்கவில்லை. ஒருவர் கம்பளம் விற்கிறோம் என்று நினைத்து மரிக்கோவைத் திட்டினார். என் வரிசையில் ஒரு பல் மருத்துவமனையின் பதிவுக்குரல் இரண்டு முறை வந்தது.

பவலுக்குக் கடைசி இலக்கம். நான்காவது அழைப்பில் அவர் கையை மட்டும் உயர்த்தினார். எல்லோரும் நிறுத்தினோம்.

நகரத்தின் மேற்குக் கோடியில், எட்டோபிக்கோவில் தனியாக வசிக்கும் ஒரு பெண்மணி. காலை பதினொன்றரை வாக்கில் ஒரு அழைப்பு வந்ததாம். வேற்று மொழி. அழைத்த பெண் 'தயா' என்ற பெயரை இரண்டு முறை கேட்டாராம். அப்படி யாரும் இல்லை என்றதும் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம்.

பவல் இதைச் சொல்லி முடித்ததும் எல்லோரும் தயாபரனைப் பார்த்தோம். அவர் எழுந்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. யாருமில்லாத வட்டத்தின் ஓரம்வரை நடந்து போய்க் குனிந்து வணங்கினார். பிறகு கழிப்பறைக்குப் போய் வெகுநேரம் தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்திருந்தார்.

அந்தப் பெண்மணி இணைப்பிலேயே காத்திருந்தார். மறுபடி அழைப்பு வந்தால் அவர் சொல்ல ஒரு சொல் வேண்டும். ஈர முகத்தோடு திரும்பி வந்த தயாபரன், 'ஃபோனை வைக்காதீங்க' என்பதைத் தன் ஊர்த் தமிழில் பவலுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"வையாதேங்கோ."

"வய்யா டேங்கோ?"

"டேங்கோ இல்லையடா, குண்டா. தேங்கோ. வையாதேங்கோ அக்கா."

பவல் நான்கு முறை சொல்லிப் பார்த்துத் தொலைபேசியில் சொன்னார். எட்டோபிக்கோப் பெண்மணி அதைத் தன் எழுத்தில் எழுதிக்கொண்டார். கீழே தயாபரனின் சரியான எண். மிச்ச எண்களையும் மூன்று மணிக்குள் முடித்தோம். ஆறிப்போன சாற்றைச் சாப்பிட்டோம்.

5.10 ரயிலில் திரும்பினேன். கோவையில் எங்கள் வீட்டில், நான் எங்காவது போய்ச் சேர்ந்தால் வீட்டு ஃபோனுக்கு ஒரு மணி மட்டும் அடித்து நிறுத்திவிடுவேன். யாரும் எடுக்க மாட்டார்கள். எடுக்காமல் இருந்தால்தான் சேதி போய்ச் சேர்ந்தது என்று பொருள். இருபத்து மூன்று வருடம் அப்படி வாழ்ந்தவள், எடுத்தவுடன் என்ன சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இதை எழுதுவது செவ்வாய்க்கிழமை. போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி அறிவிக்கிறது. தயாபரன் நேற்று விடுமுறை நாளிலும் பட்டறைக்கு வந்து, கைபேசி அடித்தால் கேட்கும்படி ஒலிபெருக்கி இல்லாத மூலையில் உட்கார்ந்திருந்தாராம். கைபேசி அவரிடம்தான் இருக்கிறது. எட்டோபிக்கோப் பெண்மணி ஞாயிறும் திங்களும் வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று பவலிடம் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை பதினொன்றரைக்கு வசந்தி உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகு இரண்டு இடத்திலும் மணி அடிக்கவில்லை.