சித்தப்பாவின் சிவப்பு வண்டி ரோட்டுக்கு வராத காரணம்

அன்புப் பிள்ளைகள் வெண்ணிலாவுக்கும் அருளுக்கும்,

உங்கள் சித்தப்பா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் அப்பாவும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று நீங்கள்தான் பிடிவாதம் பிடித்தீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சுக்குப் போகும் முன் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் விஷயத்தைத் திருத்த வேண்டாம். ஒரு வரியும் எடுக்க வேண்டாம்.

அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். வாழ்நாளெல்லாம் 'டா' போட்டுக் கூப்பிட்டவரை இங்கே 'அவர்' என்று எழுதும்போது யாரோ வெளி ஆளைப் பற்றி எழுதுவது போல இருக்கிறது. இருந்தாலும் மலர் என்றால் மரியாதையாகத்தான் எழுத வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு வண்டி ரோட்டுக்கு வராமல் போனதற்கு, "ரொம்பப் பழைய வண்டின்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தள்ளிட்டாங்க" என்று சித்தப்பா உங்களிடம் சொன்னார். சித்தியிடமும் தெருவிலும் அதையேதான் சொன்னார். அது உண்மை இல்லை. காரணம் நான். உயிரோடு இருந்தவரை அதைச் சொல்ல அவர் என்னை விடவில்லை. உறவினர்களும் நண்பர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

சித்தப்பா ராயபுரத்தில் பிறந்தார். எங்கள் நைனா, அதாவது உங்கள் தாத்தா, அப்போது துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு ஒன்பது வயதில் அம்மா இறந்துபோனார். அதன் பிறகு நாங்கள் மூன்று பேரும் திருவொற்றியூருக்கு வந்தோம். நைனா வேலைக்குப் போனால் சோறு வடிப்பது நான், குழம்பு கொதிப்பதைப் பார்த்துக்கொள்வது அவர். பாதி நாள் குழம்பு தீய்ந்திருக்கும்.

அம்மா இருந்த காலத்தில் ஒரு நாள் நைனா எங்கள் இருவரையும் ஒரே சைக்கிளில் வைத்து, சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த கார் பந்தயத்துக்குக் கூட்டிப் போனார். உள்ளே போகவில்லை, வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். தரையோடு ஒட்டினாற்போல் தாழ்வான வண்டிகள். சத்தம் வந்த பிறகு பார்த்தால் வண்டி போயிருக்கும். திரும்பி வரும்போது சித்தப்பா சைக்கிள் பாரில் உட்கார்ந்து, வாயாலேயே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்.

"போதும்டா டேய், காது கிழியுது" என்றார் நைனா.

சித்தப்பா கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டினார். நைனா சொன்னதை அவ்வளவுதான் கேட்டார்.

பத்தாவது தேறவில்லை. வெல்டிங் கற்றுக்கொண்டார். மணலி, எண்ணூர் என்று சுற்றி, கடைசியில் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் காண்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்தார். தெருவில் யார் வீட்டுத் தண்ணீர் டிரம் ஓட்டையானாலும், படகில் எஞ்சின் தாங்கும் இரும்பு விட்டுப்போனாலும் அவரிடம்தான் வரும். செய்து கொடுத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். சித்தியைக் கைப்பிடித்துப் பல ஆண்டுகள் ஆகியும் பிள்ளை இல்லை. அருள், அதனால்தான் நீ கொள்ளி வைத்தாய். அவர் உயிரோடு இருக்கும்போதே அதை என்னிடம் கேட்டு வைத்திருந்தார்.

வண்டி கிடைத்தது ராயபுரத்தில். ஒரு பழைய வீட்டில் கேட் பற்றவைக்கப் போனவர், பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் அதைப் பார்த்தார். இரண்டே கதவு, மடக்கும் துணிக் கூரை. சீமையில் செய்து நம் துறைமுகத்தில் வந்து இறங்கிய வண்டி. அந்த வீட்டுப் பெரியவரின் தகப்பனார் அதைச் சோழவரத்தில் ஓட்டியவராம். சித்தப்பா அதற்குப் பிறகு கேட்டைப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். பெரியவர் வண்டியோடு ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்து, பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். "ரோட்ல ஓட ஆரமிச்சா எனக்கு ஒரு தரம் கொண்டாந்து காட்டு" என்பது மட்டும்தான் அவர் கேட்டது.

வண்டி நம் வீட்டுப் பக்கச் சந்துக்கு லாரியில் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டுச் சித்தி என்னிடம் சொன்னது: "இத்தினி வருசம் கயிச்சி இன்னொருத்திய கூட்டிகினு வந்துக்கிறாரு மாமா. அதுவும் கெழவி."

கிழவிதான். துரு தின்றது போக மிச்சம் இருந்ததுதான் வண்டி. அடித்தகடு முழுவதையும் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தார். எஞ்சினைப் பிரித்து லேத்துக்குக் கொண்டுபோனார். அதோடு விடவில்லை. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பழைய பிளாட்டினம் பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன், உடைத்துப் போட்ட வேறொரு காரிலிருந்து ஐந்து கியர் பெட்டி. ஆனால் நம் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியும். கடலிலிருந்து உப்பு, எண்ணூர்ப் பக்கமிருந்து சாம்பல். திங்கட்கிழமை தேய்த்த தகடு வெள்ளிக்கிழமை சிவந்திருக்கும். ஒரு பக்கம் முடித்து நிமிர்ந்தால் மறுபக்கம் ஆரம்பித்திருக்கும்.

மூன்றாவது வருடம் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்தன. வேலை போனது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தவர், "வண்டிய சீக்கிரம் முடிக்கணும்ணா" என்றார். தானே ஓட்டிப் போய் அந்தப் பெரியவரிடம் காட்ட வேண்டும், அப்புறம் சோழவரம் வரை ஒரு தரம், அது போதும் என்றார். அதற்குமேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

இப்போது என் பங்கு.

நான் மணலியில் டேங்குகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். எங்கள் வேலையில் துருவை வைத்துக்கொண்டு பெயின்ட் அடிக்கக் கூடாது. இரும்பு தேங்காய்ப் பத்தை போல வெளுக்கும்வரை கையில் பிடித்துத் தேய்க்கும் கிரைண்டர் மிஷின் ஓட வேண்டும். முப்பது வருடமாக என் கைக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். வண்டியின் அடிச்சட்டத்தை, சேசிஸ் என்கிறோமே, அதைச் சுத்தம் செய்யும் வேலையை அவர் என்னிடம் விட்டிருந்தார்.

நுரையீரலில் நீர் கோத்து அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலில் உட்கார்ந்தபடி என்னிடம் சொன்னார்: "வலது பக்கம் முன்னால மட்டும் உட்டுடுண்ணா. அத்த நா கையால தேச்சிக்கிறேன்."

அண்ணனுக்கு வேலையை மிச்சம் பண்ணத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இருக்கிற நிலைமையில் இவன் எப்போது தேய்த்து எப்போது முடிப்பது என்று நினைத்தேன். ஒன்பது நாள் கழித்து அவர் வீடு திரும்பும்போது சட்டம் முழுக்க முடிந்திருந்தால் முகம் மலருமே என்று நினைத்தேன். வலது பக்கம் முன்னால்தான் துரு அதிகம். தடித்த பொருக்கு. அதையும் கிரைண்டர் வைத்து வெளுக்கத் தேய்த்தேன். ரொம்ப நன்றாகத் தேய்த்தேன்.

அவர் வந்ததும் நேராகச் சந்துக்குப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்து சட்டத்தை விரலால் தடவினார்.

"இங்க கூடவா மிஷின் போட்ட?"

"ஆமாடா. உப்பு பேப்பர்ல தேச்சிகினு இருந்தா நீ என்னிக்கி முடிக்கிறது?"

கட்டை விரலால் ஒரே இடத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "சூப்பரா கீதுண்ணா. டீ சாப்டலாமா" என்றார். அன்று சாயந்திரமே அந்த இடத்தில் நான் பிரைமரும் அடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து வண்டி முடிந்தது. பெயர் மாற்ற, அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனேன். அவர் படிவத்தில் எல்லாம் எழுதியிருந்தார். ஒரு கட்டம் மட்டும் காலி.

"சேசிஸ் நம்பர் பென்சில் பிரின்ட் எங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

சின்ன வயதில் காசின் மேல் பேப்பர் வைத்து நீங்கள் பென்சிலால் தேய்ப்பீர்களே, அதுதான். சட்டத்தில் வெட்டியிருக்கும் எண்ணின் மேல் பேப்பரை வைத்துத் தேய்த்தால் எண் அப்படியே பேப்பரில் வந்துவிடும். அதை அந்தக் கட்டத்தில் ஒட்ட வேண்டும்.

"துருவுல போச்சு சார்" என்றார் சித்தப்பா. சட்டத்தின் அந்த இடத்தைப் போனில் எடுத்திருந்த படத்தைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "துரு தின்னா குழி குழியா இருக்கும். இது மிஷின் போட்டு எடுத்த மாதிரி இருக்கே. வலது பக்கம் முன்னாடிதானே இந்த வண்டிக்கு நம்பர்?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பிள்ளைகளே. அதற்கு முன் தெரியாது.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். "எனக்கு உங்களப் பாத்தா திருட்டு வண்டி ஓட்டுறவர் மாதிரி தெரியல. ஆனா நம்பர் அழிஞ்ச வண்டின்னா பேப்பர்ல அப்படித்தான் வரும்" என்றார். வழி ஒன்றும் சொன்னார். முந்தைய உரிமையாளர் நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும், போலீஸ் சான்று வேண்டும், பிறகு அனுமதி கேட்கலாம். ராயபுரத்துப் பெரியவர் அதற்கு முந்திய வருடமே காலமாகிவிட்டார். வெளிநாட்டில் இருக்கும் அவர் பிள்ளைகளுக்கு இரண்டு முறை கடிதம் போட்டோம். பதில் இல்லை.

அன்று வெளியே டீக்கடையில், "எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா மட்டும் நம்பர் வந்துடுமா? நீ சோறு துன்ன மாட்ட, அவ்ளோதான்."

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"இன்னாத்துக்கு? வூட்டாண்ட வாயத் தொறக்காத. பசங்க உன்ன வெச்சி ஓட்டிகினே இருப்பாங்க. பழைய வண்டின்னு தள்ளிட்டாங்க, அவ்ளோதான்."

பிறகு யாரோ, அமிலம் தடவினால் தேய்ந்த எழுத்து மேலே வரும் என்று சொன்னார்கள். நான் அடித்த பிரைமரைச் சுரண்டிவிட்டுத் தடவிப் பார்த்தோம். சித்தப்பா டார்ச் அடித்துக் குனிந்தார். "ஏழு மாதிரி கீதுல்ல?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "ஆமாடா, ஏழுதான்" என்றேன். இன்னும் நான்கு தடவை தடவினோம். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்த இடத்தில் அவர் மறுபடி பெயின்ட் அடிக்க விடவில்லை. கிரீஸ் மட்டும் தடவி வைத்தார்.

புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த கறுப்புத் தண்ணீர் சந்துக்குள் சீட்டு உயரம் வந்ததே, அப்போது எஞ்சின் முழுக்கச் சேறு. ரோட்டுக்குப் போகாத வண்டியை எதற்கு மறுபடி பிரிப்பது என்று கேட்டேன். "வண்டி இன்னாண்ணா பண்ணுச்சு, பாவம்" என்றார். அவரால் குனிய முடியாது. ஸ்டூலில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் பிரித்தேன்.

தினமும் சாயந்திரம் ஸ்டார்ட் செய்து ஆறடி முன்னால் போவார், ஆறடி பின்னால் வருவார். நீங்களும் ஏறி உட்காருவீர்கள். "அஞ்சாவது கியர் போட்றதுக்குள்ள கேட் வந்துடுதே சித்தப்பா" என்று வெண்ணிலா கிண்டல் செய்வாள். அவரும் சிரிப்பார். நானும் பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறேன்.

கடைசி நாள் டயாலிசிஸ் நாள். ஆட்டோவில் ஏறும்போது, "பேட்டரி ஒயர கயட்டி வெச்சிடுண்ணா" என்றார். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

அவரைக் குழந்தை போல் பார்த்துக்கொண்ட சித்திக்கும், ஆறு வருடம் ஊசி குத்தும்போதெல்லாம் பேச்சுக் கொடுத்த நர்ஸ் அம்மாக்களுக்கும், ஒரு நாளும் தவறாமல் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், லேத்துக் கடைக்காரருக்கும், வெள்ளத்தில் வண்டியைத் தள்ளிக் கொடுத்த தெருக்காரர்களுக்கும், பாடை தூக்கிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நன்றி சொல்லும் இடத்தில் மன்னிப்பும் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுபடியும் டீ சாப்பிடலாமா என்றுதான் சொல்லியிருப்பார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருந்த மத்தியானத்தில் நான் சந்துக்குப் போனேன். வண்டியின் டேஷ் போர்டுக்குள் அந்தப் படிவம் இருந்தது. அருளின் பையிலிருந்து பென்சிலும் வெள்ளைத்தாளும் எடுத்திருந்தேன். படுத்து உள்ளே போய், பனியன் துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு, தாளை வைத்துத் தேய்த்தேன். ஏழு இல்லை. எந்த எண்ணும் இல்லை. என் கிரைண்டர் போன தடம் மட்டும் மீன் செதில் போல அரை வட்டம் அரை வட்டமாகத் தெளிவாக விழுந்திருந்தது. அதை அளவாகக் கத்தரித்து, படிவத்தில் காலியாக இருந்த கட்டத்தில் ஒட்டினேன்.