அம்மா துடைத்தெடுத்த பனி

ஒரு கட்டையின் மேல் இன்னொன்றை வைத்து விரலால் அழுத்தினால் 'டக்' என்று சின்னதாய் ஒரு சத்தம் வரும். காயும் நெத்திலி, நைனாவின் சட்டையில் ஊறிய கிரீஸ், ரயில் பாதையோரத்துக் கரித்தூள் என்று எண்ணூரின் எல்லா வாசனைகளும் பழகிய என் மூக்குக்கு, அந்தப் பிளாஸ்டிக் கட்டைகளின் புது வாசனை மட்டும் வேறு ஏதோ ஊரிலிருந்து தவறி வந்ததுபோல் இருந்தது.

யாரோ எங்கள் பள்ளிக்கு நன்கொடையாகக் கொடுத்த பெட்டி அது. உள்ளே இருந்த அட்டையில் ஒரே வீட்டை நான்கு முறை கட்டியிருந்தார்கள். வசந்தத்தில் அதன் வாசல் மரம் முழுக்க இளஞ்சிவப்புப் பூ, கோடையில் பச்சை, இலையுதிர் காலத்தில் தரையெல்லாம் ஆரஞ்சு, குளிர்காலத்தில் கூரையிலும் கிளையிலும் வெள்ளை வெள்ளையாய்ப் பனி. வெயில், மழை, இடையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம், இவைதான் எனக்குத் தெரிந்த காலங்கள். ஆனாலும் கண்காட்சிக்கு இதைச் செய்ய டீச்சர் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க ரயிலேறித் திருவொற்றியூர் போக வேண்டும். எட்டு முடித்த பெண்கள் இறால் உரிக்கும் கம்பெனிக்குப் போவதுதான் எங்கள் தெருவின் வழக்கம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத எங்கள் வீட்டில் நான் எட்டாவது வரை வந்ததே பெரிது என்று நைனா நினைத்தார். கண்காட்சிக்குப் பெற்றோர் வருவார்கள், கல்வி அதிகாரியும் வருவார். உன் வேலையை உங்கப்பா கண்ணால் பார்க்கட்டும், மற்றதை நான் பேசிக்கொள்கிறேன் என்றார் டீச்சர். அன்றிலிருந்து என் ஒன்பதாம் வகுப்பு அந்தப் பெட்டிக்குள் இருப்பதாக நான் நம்பத் தொடங்கினேன்.

டீச்சர் நாலு சீசன் செய்யச் சொல்லியிருக்கிறார் என்று வீட்டில் சொன்னபோது, கன்டெய்னர் யார்டில் வேலை முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்த நைனா அப்படியே நின்றுவிட்டார். எங்கள் பக்கம் சீசன் என்றால் ரயில் பாஸ்தான்.

"ஒரு சீசனுக்கே இங்க வழியக் காணோம். உங்க டீச்சருக்கு நாலு சீசன் எதுக்குமா?" என்று கேட்டார். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சீசனுக்கே வழியில்லை என்று அவர் சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பத்து நாளாக ஒரு பலகையின் மேல் நான்கு வீடுகளையும் கட்டினேன். எங்கள் வீடு ரயில் பாதையை ஒட்டியது. நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் போகும்போதெல்லாம் பலகை அதிரும், இலையுதிர் கால மரம் நிஜமாகவே இலை உதிர்க்கும். ஓடிப்போய்ப் பொறுக்கி மறுபடி செருகுவேன். பள்ளியில் உட்கார்ந்திருக்கும்போது தூரத்தில் ரயில் கூவினால், இப்போது எத்தனை இலை விழுந்திருக்கும் என்று எண்ணத் தொடங்கிவிடுவேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டுத் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். ஏலக்காரரோ ரயில்வே போலீஸோ, எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் கூசாமல் பேசுவாள். அவள் குரல் கேட்டால் நான்கு தெரு தாண்டிப் பூனைகள் எழுந்து உட்காருகின்றன என்று நைனா கிண்டல் செய்வார். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அனல் மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் துணி, குடத்து மூடி, கூரைத் தகரம் எல்லாவற்றிலும் வெளுத்த சாம்பல் படியும். எழுந்ததும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அவள் முதலில் செய்வது அதைத் துடைப்பதுதான். எங்கள் வீடு அழுக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

கண்காட்சி நாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது அம்மா பலகையைத் தன் பழைய புடவையால் சுற்றிக் கட்டித் தயாராக வைத்திருந்தாள். தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி மெதுவாக நடந்தேன். பள்ளியில் புடவையைப் பிரித்தால் வசந்தம் இருந்தது, கோடை இருந்தது, இலையுதிர் காலமும் இருந்தது. குளிர்கால வீட்டின் கூரையும் மரக்கிளையும் மட்டும் மொட்டையாக இருந்தன. பனியாக நான் செருகியிருந்த மொச்சைக்கொட்டை அளவு வெள்ளைப் பொட்டுகளில் ஒன்றுகூட இல்லை.

பலகைக்கு அடியில் தேடினேன், வந்த வழியெல்லாம் ஓடித் தேடினேன். திரும்பி வந்தபோது நல்ல புடவை கட்டிக்கொண்டு அம்மா அங்கே நின்றிருந்தாள். பின்னால் நைனா.

"இன்னாடி முழிக்கிற? நான்தான் எடுத்தேன்" என்றாள். "நாலு வூடு கட்டிட்டு ஒண்ணு மேல மட்டும் சாம்பலக் கொட்டி வெச்சிகீற. வர்ற ஆபீசரம்மா நம்ம வூட்ட கலீஜுன்னு நெனைக்க மாட்டாங்க? ஒண்ணொண்ணா நகத்தால நோண்டி டம்ளர்ல போட்டு வெச்சிகீறேன்."

அது பனி என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அதிகாரி வந்துவிட்டார். கூடவே டீச்சர். அதிகாரி நான்கு வீடுகளையும் குனிந்து பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் பனி எங்கே என்று கேட்டார்.

"அது சாம்பலு மேடம், நான்தான்..." என்று அம்மா தன் மீன்தெருக் குரலில் தொடங்கினாள்.

நான் குறுக்கே புகுந்தேன். "பனி உருகிடுச்சு மேடம். அடுத்தது வசந்தம் வரப்போகுது."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். இந்தப் பெண்ணை எட்டாவதோடு நிறுத்திவிடாதீர்கள் என்று நைனாவைப் பார்த்தே சொன்னார். டீச்சர் பேச வேண்டிய தேவையே வரவில்லை. ஆபீசரே சொன்ன பிறகு நான் என்ன சொல்வது என்று வீடு திரும்பும் வழியில் நைனா இரண்டு முறை சொன்னார்.

அந்தச் சந்தோஷத்தில், பள்ளியை விட்டுக் கிளம்பும்போதுதான் நான் அம்மாவைத் தேடியிருந்தேன். மற்றத் தாய்மார்களுக்குப் பின்னால் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். சாயங்காலம் டம்ளரைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். இஸ்கூல் சாமான், திருப்பிக் கொடுத்துவிடு என்றாள். டம்ளருக்குள் விரலை விட்டுக் கிளறியபடி மெதுவாகக் கேட்டாள்.

"பனின்னா அதுவும் வெள்ளையாத்தான் இருக்குமா?"

"ஆமாம்மா."

"தொட்டா கைல ஒட்டுமா?"

"தெரியலம்மா" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ஒன்பதாவது போனேன். பிறகு கல்லூரி, அதற்கு மேலும் ஒரு பட்டம். இன்று பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் என் பெயர் போட்ட மேசையில் உட்காருகிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைப்பதில்லை. நான்கு பருவங்களும் மறு வாரமே பிரிக்கப்பட்டுப் பெட்டிக்குள் போயின. எங்கள் வீட்டுத் தகரக் கூரையும் போய்த் தளம் வந்துவிட்டது. சாம்பல் மட்டும் போகவில்லை.

போனது இன்னொன்று. ஒரே நாளில் அல்ல. முதலில் பள்ளியில், அப்புறம் பேங்கில், அப்புறம் ரேஷன் கார்டு ஆபீசில், "நீ பேசு, நீதான படிச்சவ" என்று அம்மா ஒதுங்கி நிற்கத் தொடங்கினாள். நானும் பேசினேன். அது எனக்குப் பிடித்துமிருந்தது. மீன் விற்கும்போது அவள் குரல் இன்றும் நான்கு தெருவுக்குக் கேட்கிறது. படித்தவர்கள் முன்னால் அது எழும்புவதில்லை.

போன மாதம் முழங்கால் வலி என்று பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் அவளிடம்தான் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"நீயே சொல்லும்மா" என்றேன்.

டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.