அத்தான் சமைக்கும் முட்டை

காலை ஆறு இருபதுக்கு அத்தானிடமிருந்து போன் வந்தது. அவர் யாரையும் போனில் கூப்பிடுகிற நேரம் அல்ல அது. அகலமான சட்டியில் தண்ணீரை வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதையே பார்த்தபடி நிற்கிற நேரம். "மாப்ளே, லிண்டா எந்திரிக்க மாட்டேங்கா" என்றார். அவர் மூச்சுக்குப் பின்னால் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சட்டியில் தண்ணீர் அப்படிக் கொதிக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. "அடுப்ப அணைங்க அத்தான்" என்றேன்.

குமரகுருபரன் என் அக்கா லிண்டாவின் கணவர். சேரன்மகாதேவிக்காரர். பொதுப்பணித்துறையில் வாய்க்கால் மடைகளைத் திறந்து மூடும் வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போதும் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தால், மேலே எந்த மடையில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் காபி குடிக்க மாட்டார். சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொள்கிற ஆள். அறுபது வயதுவரை அவர் முட்டையைக் கையால் தொட்டதில்லை. இன்றைக்குச் சேரன்மகாதேவியில் அவரைவிட நன்றாக அதைச் சமைக்கிற இன்னொருவர் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் உவரிக்காரர்கள், கடற்கரைக் கத்தோலிக்கர்கள். ஒருநாள் எங்கள் வீட்டுச் சோற்றில் மீன் இல்லையென்றால், யாருக்கு உடம்புக்கு என்ன என்று பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். அக்கா அத்தானின் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போனாள். அங்கே பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் பேச்சுக் கேட்டு, ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. அத்தானின் அம்மா பிரம்மநாயகி வைத்த கட்டளை ஒன்றே ஒன்றுதான்: கவுச்சி அடுக்களை வாசலைத் தாண்டக் கூடாது. அந்த அம்மா போய்ப் பத்து வருடத்துக்கு மேலாகியும் அக்கா அதை மீறவில்லை. அத்தான் ஒருமுறை, "நான் ஒண்ணும் சொல்லலியே, ஒனக்கு வேணும்னா வச்சித் தின்னு" என்றார். அக்கா சிரித்தாள். "நீங்க சொல்லல. ஒங்க அடுக்களை சொல்லுது."

அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் பாளையங்கோட்டைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ளும்படி ஆனது. உப்பை வெகுவாகக் குறைக்க வேண்டும், புரதம் கூட வேண்டும், தினமும் முட்டை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். அவித்த முட்டை அவளுக்குத் தொண்டையை அடைத்தது. எண்ணெயில் போட்டால் குமட்டியது. அங்கே நர்சாக இருந்த சாலோமிதான் வழி சொன்னாள். "ஓட்ட ஒடச்சி வெந்நியில விடுங்க சார். பஞ்சு மாதிரி வரும்."

முதல் முட்டை வாங்கப் போன கதையை அக்கா பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். கடைக்காரர் குற்றாலலிங்கம் இவரைப் பார்த்ததும், "என்ன அண்ணாச்சி, வழி தவறி வந்துட்டியளோ" என்று கேட்டிருக்கிறார். "மருந்துக்குவே" என்று சொல்லி, பையில் கீரைக்கட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். வீட்டில் மஞ்சள் கரைத்த தண்ணீரில் அந்த முட்டையைக் குளிப்பாட்டினார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டார். பிறகு, அவருக்குத் தெரிந்த ஒரே உடைப்பை உடைத்தார். கோயிலில் சிதறுகாய் போட்டுப் பழகிய கை. படியில் ஓங்கிப் போட்ட போட்டில் மஞ்சள் கரு சட்டைப் பொத்தான்வரை தெறித்தது. படுத்திருந்த அக்கா பல நாட்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். "பிள்ளையாரு ஏத்துக்கிட்டாரா?" என்று கேட்டாளாம்.

அதற்குப் பிறகு அவர் கண்டுபிடித்ததெல்லாம் சொந்த மூளை. தண்ணீர் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு ரசத்திலிருந்து தெரிந்தது. ரசம் கொதித்தால் கெட்டுப்போகும். ஓரத்தில் நுரை கூடும்போது இறக்கிவிட வேண்டும். "அதே கணக்குதான் மாப்ளே. அடியில முத்து முத்தா குமிழி வரும். அது மேல வரதுக்குள்ள விட்டுரணும்." தண்ணீரில் எலுமிச்சம்பழச் சாறு சில சொட்டு விடுவார். முட்டையை முதலில் டீ வடிகட்டியில் உடைத்து ஊற்றுவார். நீர்த்துப்போன வெள்ளை கீழே இறங்கிவிட, கெட்டியானது மட்டும் நிற்கும். அதைச் சின்னக் கிண்ணத்துக்கு மாற்றி, கிண்ணத்தின் வாய் தண்ணீரில் படுகிற மாதிரிச் சரித்து, பைய விடுவார். மடை திறந்தவரின் கை அங்கேதான் தெரியும். "ஷட்டர ஒரேயடியா தூக்குனா கரை ஒடஞ்சிரும்லா" என்பார். மூடி போட்டு, தீயைத் தணித்து, வெள்ளை இறுகி மஞ்சளின் மேல் திரை மூடியதும் ஜல்லிக் கரண்டியால் எடுத்து, சுத்தமான துணியில் ஒற்றி, மிளகுத்தூள் போட்டுக் கொடுப்பார். உப்பு கிடையாது.

ஆரம்பத்தில் இதெல்லாம் வீட்டின் பின்புறம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்த சின்ன அடுப்பில்தான் நடந்தது. ஐப்பசியில் ஒருநாள் சாரல் அடித்து அடுப்பு நனைந்தது. அத்தான் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, அவர் அம்மாவின் ஈயச் சொம்பில் ரசம் வைக்கிற அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில் வைத்தார். மழை விட்ட பிறகும் சட்டி வெளியே போகவில்லை. மூக்குத் துண்டு எப்போது காணாமல் போனது என்று அவருக்கே தெரியாது.

அக்கா சாப்பிடும்போது எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு."

"நேத்தைக்கு மாதிரியா?"

"நேத்தைவிட நல்லாருக்கு. தின்னு பாக்காமலே சமைக்க ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

அதில் அவருக்கு ஒரு பெருமை. "இன்னைக்கு வாலே இல்லாம வந்துச்சி மாப்ளே, தாமர மொட்டு மாதிரி" என்று எனக்குப் போனில் சொல்வார். வால் என்பது வெள்ளைக் கரு பிசிறிக்கொண்டு போவது. வால் வந்த நாளில் அவர் குரல் இறங்கியிருக்கும்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த அக்கா, "இன்னைக்கு ஒரு நாளுதான் நீங்களும் நானும் ஒண்ணு போல இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, முட்டையை நிறுத்திவிட்டாள். தவக்காலம் முடிகிறவரை எங்கள் வீட்டில் கவுச்சி தொட மாட்டார்கள். ஒரு வாரம் போனது. அவளுக்குக் காலில் நீர் கோத்தது. புரதம் இறங்கிவிட்டது, இப்படியே விட்டால் தாங்காது என்று டாக்டர் எச்சரித்தார். அத்தான் அன்றைக்குச் சாயங்காலமே, திருநீறு கலையாத நெற்றியோடு, பங்குச் சாமியார் பர்னபாஸைப் பார்க்கப் போனார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தாராம். "சாமி, எங்க வீட்டுக்காரிய முட்ட திங்கச் சொல்லணும்." சாமியார் முதலில் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, நோயாளிக்கு ஒறுத்தல் விரதம் கிடையாது, அது மருந்துதான் என்று சொல்லி அனுப்பினார்.

அக்கா அசையவில்லை. "சாமியாருக்கென்ன, சொல்லுவாரு. திங்கப்போறது நாந்தான." கொஞ்ச நேரம் கழித்து, அத்தான் எழுந்து போகப் பார்த்தபோது, "ஒண்ணு செய்யுங்க. எனக்காண்டி நீங்களும் ஒரு வாய் தின்னணும். அப்பந்தான்" என்றாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். அத்தான் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டே நின்றார். நெற்றியில் வேர்த்தது. "ஈஸ்டருக்குத் திங்கேன்" என்றார். "ஒங்க மாப்ள சாட்சி" என்றாள் அக்கா. மறுநாளிலிருந்து சாப்பிட்டாள். காலில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. "ஈஸ்டருக்கு எத்தன நாளு இருக்கு தெரியுமா?" என்று அவரைச் சீண்டுவாள். "தெரியும்ட்டீ, சும்மா தின்னு" என்பார்.

ஈஸ்டருக்கு ஒன்பது நாள் இருக்க, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் அந்தப் போன் வந்தது. தூக்கத்திலேயே போயிருந்தாள். உவரியில், எங்கள் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். எங்கள் கூடவே இருங்கள் என்று எல்லோரும் சொல்லியும் அத்தான் கேட்கவில்லை. சேரன்மகாதேவிக்குத் திரும்பிவிட்டார்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்ததும் போனேன். கதவு திறந்திருந்தது. குளித்துத் திருநீறு பூசி, சட்டியின் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "வா மாப்ளே, ஒக்காரு. பேசாத, குமிழி வருது" என்றார். கிண்ணத்தைச் சரித்தார். வால் இல்லாமல் வந்தது. ஒற்றியெடுத்து, மிளகுத்தூள் போட்டு, அக்கா சாப்பிடுகிற தட்டிலேயே வைத்து, அவள் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தார். தேக்கரண்டியால் பாதியாக வெட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாதியை வாயில் போட்டார். மென்று முடிக்க வெகுநேரம் ஆனது. விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உப்பே இல்லையே மாப்ளே."

"உப்பு போடக் கூடாதுல்லா அத்தான்."

"தெரியும். எனக்குத் தெரியாதா? நான்தான போடாம வச்சேன்." தட்டைப் பார்த்தார். "ஆனா இது சும்மா தண்ணியத் திங்க மாதிரில்லா இருக்கு. அவ நல்லாருக்குன்னா. தெனமும் நல்லாருக்குன்னா."

எழுந்து போய் உப்புச் சாடியை எடுத்து வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து, மீதிப் பாதியின் மேல், ஒரே இடத்தில் விழாமல் விரலை நகர்த்தி நகர்த்தித் தூவினார். தேக்கரண்டியைத் தட்டின் ஓரத்தில், கைப்பிடி காலியாக இருந்த எதிர் நாற்காலியைப் பார்க்கும்படி வைத்தார்.

நான் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது உப்பு கரைந்திருந்தது. பாதி முட்டை தட்டிலேயே இருந்தது.