ரெண்டு கதவையும் திறந்து விட்டோம்

துரத்தினோமா? யார் சொன்னது, எதிர்வீட்டுக்காரியா? நானும் என் மகனும் கதவை அகலத் திறந்து மருமகளை வெளியே தள்ளினோமாம். கதவைத் திறந்தது நிஜம். மிச்சமெல்லாம் அவள் வாய்க்கு வந்தது.

என் மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் என்றே அவளுக்கு இன்னும் தெரியாது. "குழாய் வேலை" என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். மறுநாளே சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வந்து நின்றாள். இவளும் சிரிக்காமல் போய் வாஷரை மாற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் குழாய்க்காரி.

அது தண்ணீர்க் குழாய் இல்லை. தொடையில் இருக்கிற ரத்தக்குழாய்க்குள் நுழைத்து இதயம் வரைக்கும் தள்ளுகிற குழாய். அதன் நுனி உள்ளே இருந்து படம் பிடிக்கும். ஆனால் ரொட்டியை நறுக்கின மாதிரி வில்லை வில்லையாகத்தான் பிடிக்கும். எந்த வில்லை எந்த இடத்தது என்று தெரிந்தால்தான் அடுக்கி முழு இதயமாகக் காட்டலாம். அதற்குக் குழாய் எப்படி வளைந்து கிடக்கிறது என்று தெரிய வேண்டும்.

நான் கால்சட்டைக்கு நாடா கோர்த்துக்கொண்டிருந்தபோதுதான் இதைச் சொன்னாள்.

"அத்தை, உள்ள ஊக்கு எங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"மேல தடவிப் பார்ப்பேன்."

"உடம்புல அப்படித் தடவ முடியாதே. நாடாவே வாயைத் திறந்து சொல்லணும்."

அதற்காகக் குழாய்க்குள் முடி கனத்தில் கண்ணாடி இழை வைத்து வெளிச்சம் விடுகிறார்கள். வளைகிற இடத்தில் வெளிச்சம் மாறும். அதை வைத்துக் கம்ப்யூட்டர் வளைவை வரைந்துவிடும்.

எல்லாம் முடிந்தது என்று கூட வேலை பார்க்கிறவர்கள் கை தட்டிய பிறகு இவள் சும்மா இருந்தாளா? குழாயை முறுக்கிப் பார்த்தாள். இடது வளைவு திரையில் வலதாக வந்தது. தன் வேலையைத் தானே தப்பு என்று சொல்லி, முறுக்கும் தெரிகிற மாதிரி இழைகளைப் பின்னல் போலச் சுற்றி மறுபடி செய்தாள். இப்போது அந்தக் குழாய் முதல்முறையாக நிஜ நோயாளிக்குள் போகப் போகிறது. வெளியூர் ஆஸ்பத்திரி, மாதக்கணக்கில் தங்க வேண்டும்.

"வேற ஆளே இல்லையா? பிள்ளையை யார் பார்க்கிறது?" என்றான் என் மகன்.

"அது உள்ள போய்ப் பொய் சொன்னா, நிறுத்துங்கன்னு சொல்ல நான் பக்கத்துல இருக்கணும்."

"அப்ப போனா போனதுதான்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏன்டா, உங்கப்பா வேலை வேலைன்னு வருஷக்கணக்கா வெளியூர்ல கிடந்தாரே, அவரை எந்தத் தெரு பேசிச்சு? பிள்ளையை நான் பார்க்கிறேன். நீயும் பாரு, கை தேஞ்சு போயிடாது."

புறப்படுகிற அன்று குழாயை வைத்த பெட்டி வாசலில் மாட்டிக்கொண்டது. சுருட்டினால் இழை உடையும் என்று பெரிய வளையமாகப் போட்டுத் தட்டையான பெட்டியில் வைத்திருந்தார்கள். ஒற்றைக் கதவில் நுழையவில்லை.

"சாய்ச்சு எடேன்" என்றேன்.

"சாய்க்கக் கூடாது அத்தை, உள்ள வளையம் சரிஞ்சிடும்."

இன்னொரு கதவு திறந்தே வெகு காலம். தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மகன் எழுந்து போய்ச் சுத்தியலோடு வந்தான். டமால் டமால் என்று தட்டினான். எதிர்வீட்டுக்காரி கேட்ட சண்டை அதுதான். ரெண்டு கதவும் திறந்ததும் பெட்டிக்கு ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் அவள்.

"என்னம்மா, குழாய் ரிப்பேரா?" ஜன்னலில் இருந்து கேட்டாள் எதிர்வீட்டுக்காரி.

"ஆமாக்கா, கொஞ்சம் தூரத்துல" என்று சொல்லிவிட்டு, பெட்டி சாயாமல் படியிறங்கினாள் என் மருமகள்.