பாக்கியசீலன் சொன்ன சென்சார்

வண்ணார்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் இசக்கிராஜாவுக்கு வயது ஐம்பத்துமூன்று. சொந்த ஊர் நாங்குநேரி. 2006 முதல் என் கார்களை அவர்தான் பார்க்கிறார். சுத்தமான வேலைக்காரர். பாக்கியசீலன் பேரைச் சொன்னால் மட்டும் முகம் கறுத்துவிடும். இருவரும் ஒரே கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர்கள். சென்னைப் பயிற்சிக்குப் பாக்கியசீலனைத்தான் அனுப்பினார்கள். பிறகு அவர் ஊரின் மறுபக்கம் பேட்டையில் பட்டறை போட்டார். இசக்கிராஜாவின் பழைய வாடிக்கைக்காரர்கள் இருவர் அங்கே போய்விட்டார்கள். மூன்றாவதாக நானும் போய்விடுவேனோ என்ற பயம் அவருக்கு.

2024 ஜூலை 8, திங்கள். பாபநாசத்திலிருந்து திரும்பும்போது என் டீசல் கார் இழுக்கவில்லை. பேட்டையில் நிறுத்திப் பாக்கியசீலனிடம் காட்டினேன். புது சென்சார் வர இரண்டு நாள் ஆகும் என்றார். மறுநாள் வண்டியை மெதுவாக உருட்டி வண்ணார்பேட்டைக்கு வந்து, பேட்டையில் காட்டியதைச் சொன்னேன்.

"அங்கன காட்டிட்டா இங்கன வாறீய அண்ணாச்சி?"

"வழியில மக்கர் பண்ணிட்டு வே. டர்போ காத்தழுத்தத்த அளக்குத சென்சார் போச்சுன்னு அவரு சொல்லுதாரு."

"அவன் கெடக்கான். ஹோஸ்ல காத்து கசியுது, அவ்வளவுதான்."

இரண்டு நாள் ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

வியாழன் காலை, சென்சார்களின் அளவைக் காட்டும் ஸ்கேனரை மாட்டினார். சாவியைத் திருப்பினார், எஞ்சினை ஓடவிடவில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் 100. டர்போ அழுத்தம் 138. எஞ்சின் ஓடாதபோது இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். திங்களன்று பாக்கியசீலன் எனக்குக் காட்டியதும் இதே 138தான். சொன்னேன்.

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா?"

"சொல்ல விட்டீரா வே?"

மதியம், பேட்டைக்கு வந்திருந்த புது சென்சாரை நான் வாங்கி வர, அதை மாட்டினார். இரண்டும் 100 காட்டின. தாழையூத்து வரை ஓட்டிப் பார்த்தோம்; பழைய இழுவை வந்திருந்தது.

"இனி பேட்டைக்குத்தான் போவீயளோ?"

"வண்டி உம்மகிட்டதான் வரும். ஆனா அவரு சொன்னது சரின்னு ஒத்துக்கிடும்."

கையைத் துடைத்தார். ஒரு விரலும் விடாமல் துடைத்தார்.

"சரிதான். இதக் கண்டுபிடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?"

"நாலு நிமிசம்."

"வாட்ச் பாத்தீயளா, சும்மா சொல்லுதீயளா?"

"பத்து பத்துக்கு ஆரம்பிச்சாரு. பத்து பதினாலுக்கு முடிச்சிட்டாரு."

இசக்கிராஜா கழற்றிப் போட்டிருந்த பழைய சென்சாரைக் கையில் எடுத்தார்.

"இத மறுபடி மாட்டிட்டு மொதல்லருந்து பாக்கேன் அண்ணாச்சி. நீங்க வாட்ச்சப் பிடிங்க."