ஒரு நாளைக்கு மட்டும் வேட்டு வேண்டாம்

அடுத்தவுக துக்கத்துக்குப் பக்கத்துல போயி உக்காந்துக்கிடுறதுதான் எங்க வேலை. அதுக்கு ஆபீசும் கிடையாது, சம்பளமும் கிடையாது, போதும் வீட்டுக்குப் போங்கன்னு சொல்ல ஆளும் கிடையாது. ஊர்க் கவலையை இழுத்து மடியில கட்டிக்கிட்டு அலையுறவுக உங்கள்லயும் இருப்பீக. உங்களுக்குத்தான் இதைச் சொல்லுதேன். நான் பட்டது உங்களுக்குத்தான் விளங்கும்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில லேபிள் ஒட்டிக்கிட்டிருந்தேன். வத்திராயிருப்புக்கு மேக்க, மலையடிவாரத்துல இருந்து பளியர் ஆளுக வேன்ல வேலைக்கு வருவாக. மலையில தேனெடுத்துக் கிழங்கு தோண்டிப் பொழைச்ச சனம். அதுல பொன்னின்னு ஒரு புள்ளை, வெடியைச் சரமாப் பின்னுவா. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல எனக்குன்னு அவிச்ச காட்டுக்கிழங்கு கொண்டாருவா. பதிலுக்கு நான் கருவாட்டுக் குழம்பை நீட்டினா மூக்கைப் பொத்திக்கிடுவா. எங்க மாமியாளும் அப்படித்தான், கருவாட்டு வாடை ஆகாது, ஆனா சட்டியை மட்டும் வழிச்சுத் தின்னுரும். அது கிடக்கட்டும். ஒரு நாள் பொன்னி இருந்த ஷெட்டு வெடிச்சுருச்சு. அவளோட சேத்து அந்தக் குடியிருப்புப் பொம்பளைக மூணு பேரு போயிட்டாக.

பொன்னிக்கு அக்கா செம்பாயி. மாசி மாசம் பளிச்சியம்மனைப் பாட்டுப்பாடிக் கூப்பிடுறவ அவதான். தங்கச்சி போனதுல இருந்து அவ பாடலை. அவ பாடாம அங்க சாமிகும்பிடு கிடையாது. சாமி கும்பிடாம மலைக்குத் தேனெடுக்க ஏற மாட்டாக. ஆம்பளைக குடிச்சுட்டுக் கிடந்தாக, பொம்பளைக மறுபடியும் அதே வேனுக்கு ரோட்டுல நின்னாக. ரெண்டு மாசி இப்படியே போச்சு. மூணாவது மாசியும் போச்சுன்னா சாமி இடத்தை விட்டு எந்திரிச்சுப் போயிரும்னு அவுகளுக்கு ஒரு பயம். நானும், பஜார்ல ஜவுளிக்கடை வச்சிருக்க என் தோழி ரஹ்மத்தும், இந்த மாசியை விட்டுறக்கூடாதுன்னு பஸ் ஏறுனோம்.

நாற்காலி போட்ட நாளு

மனசு ஆறுறதுக்கு நாலு வார்த்தை சொல்லணும்னு மதுரையில இருந்து ஒரு டாக்டரம்மாவைக் கூட்டியாந்தோம். வாடகைக்கு நாற்காலி, மைக் செட்டு, டீ, வடை எல்லாம் ஏற்பாடு. மனசுல உள்ளதை ஒவ்வொருத்தரா எந்திரிச்சு மைக்குல சொல்லுங்கன்னு டாக்டரம்மா சொன்னாக. யாரும் எந்திரிக்கலை. சரி, கூச்சம் போல, நாம வழிகாட்டுவோம்னு நான் மைக்கை வாங்குனேன். எங்க வீட்டுக்காரர் செத்தப்போ நான் எப்படித் தேறுனேன்னு சொல்ல ஆரம்பிச்சு, அவரு பொண்ணு பாக்க வந்தது, வந்த இடத்துல செருப்புத் தொலைஞ்சது, எங்கப்பா செருப்பைப் போட்டுக்கிட்டே ஊருக்குப் போனதுன்னு அது பாட்டுக்குப் போயிருச்சு. சிரிச்சுக்கிட்டே நிமிந்து பாக்குறேன், நாற்காலி பூராவும் காலி. வடையைக் கூடத் தொடலை.

செம்பாயி புருசன் கருப்பன் மட்டும் வேலியோரம் நின்னாரு. மேளம் அடிக்கிறவரு அவருதான். "கோவிச்சுக்கிட்டாகளாய்யா?"ன்னு கேட்டேன். "கோவமெல்லாம் இல்ல ஆத்தா. நீங்க பேசி முடிச்சதும் வருவோம்னு போயிருக்காக. நீங்க முடிக்கலையே."

ஏசுனா என்ன ஆகும்

இந்தச் சனத்துக்குச் சண்டை போடவே வராது, கேட்டுக்கோங்க. நம்ம தெருவுல குழாயடியில ஒரு குடத்தை நகட்டி வச்சாலே மூணு தலைமுறையை இழுத்துருவாளுக. அவுக அப்படி இல்லை. மனசு கோணிப் போச்சுன்னா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாக, எந்திரிச்சுப் போயிருவாக. அவ்வளவுதான்.

இது தெரியாம, ஒரு நாள் கருப்பன் காலையிலயே போதையில கிடந்ததைப் பாத்துட்டு வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். எங்க மகனை ஏசுற மாதிரிதான். எம்மவன்னா பதிலுக்கு நாலு ஏசுவான், மத்தியானம் சோத்துக்கு வந்துருவான். மறுநாள் போயிப் பாத்தா கருப்பன் குடிசை, பக்கத்துக் குடிசை, அதுக்கும் பக்கத்துக் குடிசை எல்லாம் சாத்திக் கிடக்கு. அம்புட்டுப் பேரும் மலைக்குள்ள போயிட்டாக. அவுக இறங்கி வர்ற வரைக்கும் தினமும் பஸ்ல போயி, வேப்பமரத்தடியில சும்மா உக்காந்துட்டு வந்தோம். கடைசியில ஒரு நாள் செம்பாயி வந்து ஒரு சொம்புத் தண்ணியை எம்முன்னாடி வச்சுட்டுப் போனா, மன்னிச்சுட்டாளாம். திரும்பி வர்றப்போ பஸ்ல ரஹ்மத்து சொன்னா: "அக்கா, இனிமே ஏச்சு முட்டிக்கிட்டு வந்தா என்னைய ஏசுங்க. நான் எங்கிட்டும் போக மாட்டேன், கடையைத் தொறக்கணும்."

இலைப் பாவாடை

ஒரு அரசாங்க விழாவுக்கு ஆள் சேக்குறதுக்கு ஒரு அதிகாரி ஜீப்புல வந்தாரு. மலைவாசி மக்களோட கலாசாரத்தை மீட்டெடுக்கணும்னு ரொம்ப நேரம் பேசுனாரு. என்னைய மிஞ்சிட்டாரு. கடைசியில ஒரு மூட்டையைப் பிரிச்சாரு பாருங்க, பச்சைப் பிளாஸ்டிக்குல இலை இலையாத் தைச்ச பாவாடை! இதைக் கட்டிக்கிட்டு மேடையில ஆடணுமாம். நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள ரஹ்மத்து என் கையைக் கிள்ளிட்டா.

செம்பாயியோட மாமியா ஒரு பாவாடையை வாங்கித் தடவிப் பாத்துச்சு. முறுக்கிப் பாத்துச்சு. மடிச்சுத் திருப்பிக் குடுத்துட்டு அந்தக் கெழவி சொன்னதை அப்படியே சொல்லுதேன்: "எங்க மாமியா காலத்துலயே சீலைதான் சாமி. இலையில ஆசையிருந்தா நீங்க கட்டிக்கிட்டு ஆடுங்க, நாங்க ஓரமா உக்காந்து பாக்குறோம்."

சரவெடி

மாசி பொறந்துச்சு. ஆளுக ஒண்ணுரெண்டாக் கூடி, பாறைக்கடியில அம்மன் இருக்க இடத்தைச் சுத்தம் பண்ண ஆரம்பிச்சாக. செம்பாயியும் வந்து சருகு அள்ளுனா. எனக்குத் தலைகால் புரியலை. ஊருல போயி எங்க கொழுந்தன்கிட்ட சொன்னேன். அவருக்குப் பட்டாசுக்கடை. "நல்ல காரியம் மதினி, நானும் வாறேன்"னு மறுநாளே வந்துட்டாரு, ஒரு பெட்டிச் சரத்தோட.

நம்ம ஊரைப் பத்தி உங்களுக்குத் தெரியும். பொண்ணு சமைஞ்சா சரம், கல்யாணத்துக்குச் சரம், கடை தொறந்தாச் சரம், கிழவன் செத்தாலும் சரம். எங்க பேத்திக்குக் காது குத்துனப்போ, ஆசாரி ஊசியைக் காதுல வைக்கும்போதே வாசல்ல பத்த வச்சுட்டாக. புள்ளை பயந்து தலையைத் திருப்பி, ஒரு காது ஓட்டை இன்னைக்கும் மேல ஏறித்தான் இருக்கு. அந்தப் பழக்கத்துல எங்க யாருக்கும் எதுவும் தோணலை. அம்மன் கல்லுக்கு முதத் தண்ணி ஊத்துனதும், கொழுந்தன் பயபக்தியாக் கும்பிட்டுட்டுப் பத்த வச்சாரு. படபடன்னு வெடிக்க ஆரம்பிச்சதும் பொம்பளைக புள்ளைகளை வாரிக்கிட்டு ஓடுனாக. கருப்பன் மேளத்தைக் கீழ போட்டுட்டாரு. புகை அடங்கிப் பாத்தா அங்கன செம்பாயி ஒருத்திதான், காதைப் பொத்திக்கிட்டுக் குத்தவச்சிருந்தா. கிட்டப் போனேன். வெடிக்காமக் கிடந்த ஒரு துண்டுச் சரத்தைக் காமிச்சுச் சொன்னா: "இதத்தான் எந்தங்கச்சி பின்னிக்கிட்டிருந்தா ஆத்தா."

கல்யாண வீடு

அதுக்கப்புறமும் போனோம். போகாம எப்படி இருக்குறது? இந்தத் தடவை வேப்பமரத்தடியில நான் ஒரு வார்த்தை பேசலை, சத்தியமா. ரெண்டு மூணு நாளைக்கு அப்புறம் செம்பாயியே வந்து உக்காந்தா. "பௌர்ணமியன்னைக்கு ஒரு நாளு வேட்டுச் சத்தம் கேக்காம இருக்குமா? இருந்தா, எந்தங்கச்சியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்குறேன்"ன்னா. பாடுறேன்னு சொல்லலை, கூப்பிட்டுப் பாக்குறேன்னுதான் சொன்னா. எனக்கு அது போதும். ஆனா பட்டாசுச் சீமையில ஒரு பகல் பூராவும் வேட்டு இல்லாம எங்கிட்டுப் போயித் தேடுறது!

தேடத்தான் செஞ்சோம். அடிவாரத்து ஊருல அதே பௌர்ணமியன்னைக்கு ஒரு கல்யாணம். மாப்பிள்ளையோட அம்மா வாசல்லயே மறிச்சுட்டா. "வெடி போடாமத் தாலி கட்டுனா, ஓடிப்போயிக் கட்டுனதும்பாக. சம்பந்தி முன்னாடி எம்மூஞ்சியை எங்க வைக்க?"ன்னா. நியாயந்தான். அவ சொன்னதுல தப்பில்லை. ஆனா நானும் எந்திரிக்கலை. பொன்னியைப் பத்திச் சொன்னேன், கிழங்கைப் பத்திச் சொன்னேன். அவ அடுப்படிக்குப் போனா, நானும் பின்னாடியே போயி வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னேன். சாயங்காலம் ஆச்சு. கடைசியில அவ வெடிப்பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டா. "மறுவீட்டுக்குப் போட்டுக்கிடுறோம். தயவுபண்ணி நீங்க வீட்டுக்குப் போங்க பெரியம்மா, எனக்குக் கல்யாண வேலை கிடக்கு!"

சாம்பிள் மைதானம்

ரோட்டுமேல ஒரு கம்பெனிக்காரக வெடியைச் சாம்பிள் பாக்குற மைதானம் இருந்துச்சு. காத்து அடிச்சா அங்க போடுற வெடிச் சத்தம் மலையில மோதித் திரும்பும். முதலாளி போன்லயே முடியாதுன்னுட்டாரு, சீசன் ஆர்டர் நிக்குதாம். எங்க கொழுந்தன் அன்னைக்குச் சரம் போட்டதுல இருந்து சரியாச் சாப்பிடலை. அவரே கிளம்பிப் போயி, அந்த முதலாளி கடை வாசல்ல உக்காந்துட்டாரு. "என் லோடை ஒருநாள் தள்ளி அனுப்புங்க, ஆனா பௌர்ணமிக்குச் சாம்பிள் கூடாது"ன்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. முதலாளி தலையாட்டுனதும் நேரா மைதானத்துக்கு வந்தோம், வெடி பத்த வைக்கிற ஆளுகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுவோம்னு.

அந்த ஆளு காதுல இருந்து பஞ்சை எடுத்தாரு. என்னங்கன்னாரு. மறுபடி முதல்ல இருந்து சொன்னேன். பஞ்சை உள்ளங்கையில வச்சு உருட்டிக்கிட்டே கேட்டுட்டு, "அன்னைக்கு எம்பொண்டாட்டி என்ன பேசுறான்னு கேட்டுக்கிடலாம். நல்லா இருக்கட்டும்மா, போயிட்டு வாங்க"ன்னாரு.

பௌர்ணமியன்னைக்கு

விடிஞ்சதுல இருந்து ஒரு சத்தம் இல்லை. இலை விழுறது கேட்டுச்சு. நானும் ரஹ்மத்தும் கடைசியில, பாறை நிழல்ல உக்காந்திருந்தோம். கொழுந்தன் இன்னும் தள்ளி, செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. கருப்பன் மேளத்தைத் துணியில சுத்தி மடியில வச்சிருந்தாரு, குடிக்காம வந்திருந்தாரு. செம்பாயி கல்லுக்குத் தண்ணி ஊத்திட்டு உக்காந்தா. உக்காந்தவ உக்காந்தபடியே இருந்தா. வெயில் ஏறுச்சு. நான் முந்தானையைக் கடிச்சுக்கிட்டிருந்தேன்.

அப்பத்தான் டமார்னு ஒண்ணு. கீழ மாந்தோப்புல காவக்காரன் பன்னி விரட்டப் போட்ட ஒத்தை வெடி. கல்யாண வீடு, மைதானம், கொடியேத்துனா வெடி போடுற கட்சிக்காரக வரைக்கும் போயிச் சொல்லியிருந்தோம். பன்னி ஞாபகம் வரலை. சனம் சத்தமில்லாம எந்திரிச்சுச்சு. புள்ளைகளைத் தூக்கிட்டாக. செம்பாயியும் எந்திரிச்சா. முடிஞ்சு போச்சுன்னு ரஹ்மத்து கண்ணைப் பொத்திக்கிட்டா. செம்பாயி தோப்புப் பக்கம் ஒரு பார்வை பாத்தா. அப்புறம் தன் சனத்தைப் பாத்துச் சொன்னா: "உக்காருங்க. அது ஓஞ்சிரும். நான் ஓய மாட்டேன்."

பொன்னியைக் கூப்பிட்டா. அடுத்து மத்த ரெண்டு பேரையும் கூப்பிட்டா. குரல் கரகரன்னு, துருப்பிடிச்ச கதவு மாதிரிதான் வந்துச்சு. அப்புறந்தான் அம்மனைக் கூப்பிட்டுப் பாட்டு எழும்புச்சு. கருப்பன் துணியை அவுத்தாரு, ஆனா கை மேளத்துல விழ மாட்டேங்குது. செம்பாயி பாடிக்கிட்டே போயி அவரு கைமேல தன் கையை வச்சு, ரெண்டு கையுமாச் சேத்து ஒரு அடி அடிச்சா. பொம்பளைக திடுக்குன்னு எந்திரிக்கப் பாத்தாக. ரெண்டாவது அடிக்கு அசையாம உக்காந்திருந்தாக. அதுக்கப்புறம் அவ கையை எடுத்துட்டா, மேளம் நிக்கலை. மத்தியானம் தோப்புல இன்னொரு வெடி வெடிச்சுச்சு, ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை.

சாயங்காலம் செம்பாயி எனக்குப் பொங்கச் சோறு வச்சுக் குடுத்தா. நாளைக்கு மலைக்கு எப்பக் கிளம்புறீக, நானும் வரட்டான்னு கேட்டேன். அந்த மூணு வருசத்துல செம்பாயி சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். "தேனெடுக்க நாங்களே ஏறிக்கிடுவோம், நீங்க வரவேண்டாம் ஆத்தா. உங்க பேச்சுக்குத் தேனீ கலைஞ்சிரும்."

உதவப் போறவுகளுக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை 'இனிமே நீங்க வரவேண்டாம்'ங்கிறதுதான், அதை வாங்குறதுக்கு நம்மள எம்புட்டு அலைய விடுறாக பாத்தீகளா!